சாமையும் தினையும் சாப்பிடும் மலைப் பெண்களுக்குச் சர்க்கரை நோய் எப்படி வரும்?

வரும். நான் கொல்லிமலைக்காரி, மலையாளி பழங்குடி. என் அம்மாவுக்கு வந்திருக்கிறது. நீங்கள் கடையில் சிறுதானியப் பாக்கெட் வாங்கும்போது இந்தச் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சாமைச் சோறெல்லாம் எங்கள் வீட்டில் பாட்டியோடு போயிற்று. இப்போது காட்டில் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்குப் போட்டால் மொத்தமாகக் காசு கிடைக்கும். சாப்பிட ரேஷன் அரிசி, அதுவும் 2011 முதல் விலையில்லாமல். "பாரம்பரியத்தை விட்டுட்டீங்களே" என்பவர்கள் ஒருநாள் சாமையை உரலில் போட்டுக் குத்திப் பாருங்கள். உமி லேசில் கழலாது. காட்டுவேலை முடித்து வந்து குத்தியதும் புடைத்ததும் பெண்கள்தான். அரிசி வந்ததும் அம்மாவின் தோள்வலி விட்டது. சிறுதானியத்துக்கு நான் எதிரி இல்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் சாமையிலும் மாவுச்சத்துதான் அதிகம், அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் சுகரை ஏற்றும்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கீழே போனோம். வெறும் வயிற்றோடு 70 கொண்டை ஊசி வளைவு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். அங்கே டாக்டர், "மலையில இருந்துகிட்டு அரிசி ஏம்மா திங்கிற?" என்று சிரித்தார். முன்னால் போன டவுன்கார அம்மாளை அவர் அப்படிக் கேட்கவில்லை.

மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கினால் காபி பறிக்கிற இடத்தில் கக்கூஸுக்கு எங்கே போவது? கூலிக்குப் போகிற நாளில் காலை மாத்திரை அட்டையிலேயே இருக்கும்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆடிப் பதினெட்டுக்கும் அருவிக்கும் வருகிறவர்கள் பீர் பாட்டிலை வழியிலேயே உடைத்துப் போடுகிறார்கள். அம்மா காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியது அவருக்கே தெரியவில்லை. சுகரால் பாதம் மரத்துப் போயிருந்தது. சிமெண்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்து நான்தான் காலைத் திருப்பிப் பார்த்தேன். புண் ஆறும்வரை கூலியும் போயிற்று. குடிக்க வருகிறவர்கள் பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுபோங்கள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் செருப்பில்லாமல்தான் காட்டுக்குப் போகிறார்கள்.