கண்ணில் படாத தங்கம்

அன்புள்ள ஐயா,
கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில் உழைத்தவர்களும் தமிழர்கள்தானே? எந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள்? எப்படியோ, அவர்கள் தங்கத்தைத் தொட்டவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாம் கொழுந்தைத் தவிர எதைக் கண்டோம்?
- ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்து ஒடுக்கப்பட்ட மக்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தபின் போனவர்கள். அவர்களுக்கு மூங்கில் தட்டி வீடு, நமக்கு லயம் என்ற வரிசை வீடு. அது கிடக்கட்டும்.

‘தங்கத்தைத் தொட்டவர்கள்’ என்று எழுதிவிட்டீர்களே, யார் சொன்னது? சினிமா பார்த்துவிட்டு சரித்திரம் பேசக்கூடாது. 4.5 கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. அங்கே கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம்தான். அதுவும் வெள்ளைக்கல்லுக்குள் பொடிப்பொடியாக. மில்லில் இரும்பு உலக்கைகள் கல்லை மாவாக்கும். அந்தச் சேற்றுநீரைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் ஓடவிட்டால் பெரிய தங்கத் துகள்கள் ஒட்டும். தப்பிய நுண்துகளுக்கு நீர்த்த சயனைடு. அதில் சுண்ணாம்பு குறைந்தால் சயனைடு விஷவாயுவாகக் கிளம்பிவிடும். கரைந்த தங்கத்தைத் துத்தநாகம் பிரித்துக் கொடுக்கும். உருக்குவது பூட்டிய கதவுக்குள். சக்கை வெளியே மேடாகக் குவியும். கோடைக்காற்றில் தூசி ஊருக்குள் வரும்.

தொழிலாளி தொட்டது கல்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே 60 பாகைக்கு மேல் சுடும். தண்ணீர் விடாமல் துளைத்தால் கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும், மருந்தில்லை. கல்லெடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் மேற்பாரம் பக்கத்துப் பாறையை நெருக்கும், ஒருநாள் அது குண்டுபோல் வெடிக்கும். அதற்குத்தான் உள்ளேயே கருங்கல் சுவர் கட்டினார்கள். அப்படியும் வெடித்தது, ஆட்கள் செத்தார்கள். 2001 பெப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள்.

ஒப்பிட வேறு விஷயம் இருக்கிறது தம்பி. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையை நிர்வாகம் எடுத்துப் பதிய வந்தபோது கோலார்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கே பழைய துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் ஏறாது; 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அப்படியொரு துண்டோ, தோட்டத்துக்கு வந்த ஆட்களுக்குக் கொடுத்த, இலக்கம் பொறித்த தகர டிக்கெட்டோ கிடந்தால், துடைக்காமல் கொள்ளாமல் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள்.