தேயிலைப் பேணிக்குப் பின்னால் ஒரு குளிசை உறை

கேள்வி: எனக்கு வயது 36. வெள்ளவத்தையில் மாமியுடனும் ஏழு வயது மகளுடனும் இருக்கிறேன். கணவர் கட்டாரில். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதமாக விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. குளிக்க, சமைக்க, மகளுடன் கதைக்கக்கூட மனம் வருவதில்லை. சனலிங் செய்து, அதாவது தனியார் மருத்துவமனையில் முன்பதிவு செய்து, ஒரு மனநல வைத்தியரிடம் போனேன். ஐந்து நிமிடம்தான். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வுக் குளிசை, 50 மில்லிகிராம், எழுதித் தந்தார். வாங்கி மூன்று வாரம். ஒன்றுகூட விழுங்கவில்லை. உறையோடு தேயிலைப் பேணிக்குப் பின்னால் கிடக்கிறது. மாமி கண்டால் ‘அங்கொடைக் குளிசை’, பைத்தியத்துக்குக் கொடுப்பது என்பார். டொரன்டோவிலிருக்கும் மச்சாள், ‘அதைத் தொடாதே, பிறகு விடவே முடியாது, கவுன்சலிங்குக்குப் போ’ என்கிறாள். யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்த உறையை மகளின் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். ஏழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தேயிலைப் பேணிக்குப் பின்புறம் ஒளிவிடமே அல்ல.

நான் வைத்தியர் இல்லை. விழுங்குங்கள் என்றோ எறியுங்கள் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கை இதே குளிசையை ஒன்றரை வருடம் எடுத்தவள். அவளுடன் கிளினிக் வாங்கில்களில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மச்சாள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தங்கைக்கு நான்காவது மாதம் நன்றாகச் சுகம் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் சுள்ளென்று ஓடியதாம். கம்பியைப் பிடித்தபடி, ‘நான் இதற்கு அடிமையாகிவிட்டேன்’ என்று அழுதிருக்கிறாள். வைத்தியர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. அது அடிமைத்தனம் அல்ல, திடீரென்று நிறுத்தியதன் விளைவு. அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது வராது, வந்தாலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அடுத்த தடவை அவள் அப்படித்தான் நிறுத்தினாள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது, நோய் திரும்பி வராதிருப்பதற்காக. அடிமைப்படுத்தும் ஆபத்து அதிகம் உள்ளவை அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்றக் குளிசைகள். ஊரில் அவற்றையும் உங்கள் குளிசையையும் ஒரே பெயரில், ‘நித்திரைக் குளிசை’ என்று அழைப்பதால் வரும் குழப்பம் இது.

யூடியூப் பயமுறுத்தலுக்கும் ஒரு வேர் உண்டு. 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று எச்சரித்தது. 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டியது. உங்களுக்கு 36. ஆனாலும் ஆரம்ப வாரங்களில் யாராவது ஒருவர் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

குளிசையா, கதைக்கும் சிகிச்சையா என்று போட்டி வைக்கத் தேவையில்லை. சோர்வு இலேசானது என்றால் பொதுவாகக் கதைக்கும் சிகிச்சையில்தான் தொடங்குவார்கள். தூக்கமும் வேலையும் வீடும் குலையுமளவுக்குப் போயிருந்தால், தனித்தனியே கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் கூட. நான்கு மாத விடியப்புற விழிப்பும் குளிக்க மனமில்லாமையும் என் கண்ணுக்கு இலேசாகத் தெரியவில்லை. அளப்பது வைத்தியரின் வேலை. உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், என்பதும் அழுதுவிட்டு வருவதல்ல. வாரம் ஒரு தடவையாக 12 முதல் 16 அமர்வுகள், வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சிகள் என்று உழைப்புக் கேட்கும். எழுந்து குளிக்கவே தெம்பில்லாதவருக்கு அந்த உழைப்புக்கான தெம்பைக் குளிசை தரக்கூடும். கட்டாரில் இருப்பவரை அது கொண்டுவராது, மாமியின் வாயையும் மூடாது. அவற்றோடு எப்படி வாழ்வது என்பதைக் கதைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஒரு பொல்லாத ஒழுங்கு இருக்கிறது: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு முதல் வாரத்திலேயே வரும், சுகம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். பலர் இந்த இடைவெளியில்தான் கைவிடுகிறார்கள். முதல் மருந்திலேயே முழுச் சுகம் காண்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். அளவைக் கூட்டுவதும் மருந்தை மாற்றுவதும் வழமை. தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை.

எனக்குக் கோபம் அந்த ஐந்து நிமிடத்தின் மேல்தான். தைரொயிட் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். இரத்தம் பரிசோதிக்கச் சொன்னாரா? முன்பு எப்போதாவது நாட்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்று கேட்டாரா? அப்படி இருந்திருந்தால் இந்தக் குளிசையை மட்டும் கொடுப்பது ஆபத்து. வேறு மருந்துகள், வலிக்குளிசைகள், இன்னொரு பிள்ளை பற்றிய யோசனை? இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திரும்பவும் போங்கள். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கும் வைத்தியர் என்றால் வேறொருவரைப் பாருங்கள்.

மொழியும் ஒரு சிக்கல். ‘நெஞ்சு அடைக்கிறது, ஒரே யோசனை’ என்று நாம் சொன்னால், தமிழ் நன்கு தெரியாத வைத்தியர் ஈசிஜி எடுக்க அனுப்பிவிடக்கூடும். பத்திரிகைகளும் வேலைப் பளுவுக்கும் மனச்சோர்வு என்ற இந்த நோய்க்கும் ஒரே சொல்லாக ‘மன அழுத்தம்’ என்று எழுதுகின்றன. நீங்கள் பெயர்களை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், கடைசியாக எப்போது பசித்துச் சாப்பிட்டீர்கள். மொழிபெயர்க்க மாமியை அழைத்துப் போக வேண்டாம்.

பணம் தடை என்றால் களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலும் தேசிய வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. இலவசம். வரிசை நீளம்தான், ஆனால் கிளினிக் கொப்பி ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் கதை அதில் எழுதப்பட்டிருக்கும். வைத்தியரின் பதிவை இலங்கை மருத்துவ சபையில் சரிபார்க்கலாம். உளவளத்துணையாளர் என்று பலகை மாட்டியிருப்பவரிடம் எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குளிசையை உடனே நிறுத்து என்று உத்தரவிடுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அந்த மூன்று மணிக்கு, செத்துப்போனால் என்ன என்று தோன்றுகிறதா? தோன்றினால் வைத்தியரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். தாங்க முடியாமல் போனால் சனலிங் நாள் வரும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். அந்த நிறுவகம் இருப்பதும் மாமி ஏளனம் செய்யும் அங்கொடையில்தான்.

போகும்போது உறையையும் கைப்பையில் வையுங்கள். ஒரு குளிசைகூடக் குறையாத அட்டையை மேசையில் வைத்தால், இன்னும் எடுக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் சங்கடம் மிச்சம்.