எதிர்த்துப் பேசாத மகளும் புகை சூழ்ந்த ஊரும்

கேள்வி: அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு அலுவலகத்தில் நாலு வருடம் குப்பை கொட்டினால் போதாதா? சமூக அறிவியல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததை யாருக்கும் புரியாத மொழியில் எழுதுவதுதானே? என் மகள் சமூகவியல் படிக்கப் போகிறேன் என்றாள். காலத்தை வீணாக்காதே, கணினி படி என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, புரிந்துகொண்டாள். நான் செய்தது சரிதானே?

பதில்: மகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

யாருக்கும் புரியாத மொழி என்ற பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ‘கருத்தியல் மீளுருவாக்கத்தின் பன்முகத் தளங்கள்’ என்ற ரகத்தில் ஆரம்பிக்கும் கட்டுரைகள் என் மேசைக்கு மாதம் தவறாமல் வருகின்றன. ஒருமுறை பொறுமை இழந்து, எழுதியவரையே தொலைபேசியில் பிடித்து, ஐயா, இந்த வாக்கியத்தில் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றார்.

எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்ற மறுபாதியைத்தான் விட முடியாது. ஒரு சின்ன சோதனை வைக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் தன் வீரர்களிடமே லட்சக்கணக்கில் கேள்வித்தாள் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதிலிருந்து மூன்று முடிவுகள். அதிகம் படித்த வீரர்களிடம்தான் மன உளைச்சலின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கிராமத்திலிருந்து வந்தவர்கள், கஷ்டத்துக்குப் பழகியவர்கள் ஆயிற்றே, நகரத்துப் பையன்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். வெயில் மிகுந்த தென் மாநிலங்களில் பிறந்தவர்கள் வெப்பம் மிகுந்த தென் கடல் தீவுகளின் புழுக்கத்தை வடக்கத்தியர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை செலவு என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும், முதல்முறை படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மூன்றுமே தவறு. 1949-இல் அந்த ஆய்வுக்கு மதிப்புரை எழுதிய பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் இப்படி ஒரு பட்டியல் போட்டு, வாசகர் ‘இது தெரியாதா’ என்று சலித்துக்கொள்ளும் இடம் வரை கூட்டிக்கொண்டு போய், இவை ஒவ்வொன்றும் ஆய்வில் கிடைத்ததற்கு நேர் எதிர் என்று போட்டு உடைத்தார். உண்மையான முடிவுகளை முதலிலேயே சொல்லியிருந்தாலும், ஆமாம், படித்தவனுக்குப் பக்குவம் இருக்கும், தாங்கிக்கொள்வான், இது தெரியாதா என்றுதான் நாம் சொல்லியிருப்போம். எதைச் சொன்னாலும் ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறோம், அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அதே ஆய்வில் கிடைத்த நிஜ முடிவு ஒன்று, அலுவலக அனுபவத்தின் மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கும் உங்களுக்காக. விமானப் படைப்பிரிவில் பதவி உயர்வு சுலபமாகக் கிடைத்தது, இராணுவக் காவல் பிரிவில் அது குதிரைக்கொம்பு. ஆனால் பதவி உயர்வு முறை சரியில்லை என்ற முணுமுணுப்பு விமானப்படைக்காரர்களிடம்தான் அதிகம். பக்கத்தில் இருப்பவன் மேலே போய்விட்டான், நான் போகவில்லை என்பதுதான் எரிச்சல், யாருமே போகாத இடத்தில் யாரைப் பார்த்து எரிச்சல்படுவது? முணுமுணுப்பே கேட்காத அலுவலகம் நியாயமாக நடக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள், மேலே போகும் வழி எல்லோருக்கும் ஒரேயடியாக அடைபட்டிருந்தாலும் அங்கே இதே அமைதிதான் இருக்கும்.

சரி, அதிகாரத்துக்கு வருவோம். எதிர்ப்பு இருந்தாலும் அதை மீறித் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அதை வரையறுத்தார். நீங்கள் அலுவலகத்தில் பார்த்ததும் இதைத்தான்: மேலாளர் ஒன்று சொல்வார், நாலு பேர் முகம் சுளிப்பார்கள், அவர் சொன்னதுதான் நடக்கும். இதே அளவுகோலோடு ராபர்ட் டால் என்ற அரசியல் அறிஞர் நியூ ஹேவன் என்ற அமெரிக்க நகரத்தை ஆராய்ந்து 1961-இல் எழுதினார். கட்சிகளின் வேட்பாளர் தேர்வு, நகரச் சீரமைப்பு, பள்ளிக்கல்வி என்று மூன்று துறைகளை எடுத்துக்கொண்டு, எந்த முடிவில் யார் பேச்சு எடுபட்டது என்று பார்த்து, எல்லாத் துறையிலும் ஆட்டிப்படைக்கும் ஒரே கூட்டம் என்று இங்கே எதுவும் இல்லை என்றார். பதறாமல் செய்த நல்ல வேலை. ஆனால் அடுத்த வருடமே பேக்ரக், பாராட்ஸ் என்ற இருவர் ஒரு சங்கடமான கேள்வியைத் தூக்கிப் போட்டார்கள். எடுத்த முடிவுகளைப் பார்த்தீர்கள், சரி, விவாதத்துக்கே வராமல் போன விஷயங்களை யார் பார்ப்பது?

வராததை எப்படிப் பார்ப்பது, நடக்காததை எப்படி எண்ணுவது? கேலியாகவே கேட்கலாம், கேட்டார்கள். 1971-இல் மாத்யூ கிரென்சன் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர் அதற்கு ஒரு வழி காட்டினார். இந்தியானா மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஃகு நகரங்கள், ஈஸ்ட் சிகாகோ, கேரி. இரண்டிலும் ஆலைப்புகை, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான மக்கள். ஈஸ்ட் சிகாகோ 1949-லேயே காற்று மாசுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. கேரி 1962 வரை காத்திருந்தது. பதின்மூன்று வருடம் அதே புகையை முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஏன்? ஈஸ்ட் சிகாகோவில் பல எஃகு நிறுவனங்கள் இருந்தன, கட்சி பலமும் சிதறிக் கிடந்தது. கேரியில் ஒரே ஒரு பெரிய நிறுவனம், யு.எஸ். ஸ்டீல், ஊரையே 1906-இல் கட்டி எழுப்பித் தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்த நிறுவனம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் என்னவென்றால், அந்த நிறுவனம் எதுவுமே செய்யவில்லை. மிரட்டவில்லை, ஆலையை மூடிவிடுவோம் என்று சொல்லவில்லை, புகையைப் பற்றி யாராவது வந்து பேசினால் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு ஆதரிக்கவும் இல்லாமல் எதிர்க்கவும் இல்லாமல் இருந்துவிட்டது. அது இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே அதன் முகம் கோணாதபடி நடந்துகொண்டார்கள். நீங்கள் கேரி நகராட்சியில் நாலு வருடம் இல்லை, நாற்பது வருடம் வேலை பார்த்திருந்தாலும் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் பார்க்க அங்கே சம்பவம் எதுவும் இல்லை. பக்கத்து ஊரையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான், நடந்திருக்க வேண்டிய ஒன்று இங்கே மட்டும் நடக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு 1974-இல் ஸ்டீவன் லூக்ஸ் என்ற சமூகவியலாளர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்: ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நடக்க வைப்பதைவிட, அவருக்கு அப்படி ஒரு விருப்பமே வராதபடி பார்த்துக்கொள்வதுதான் அதிகாரத்தின் கைதேர்ந்த வேலை என்றார். இதற்கு ஆபத்தான பக்கமும் உண்டு. உனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது உன்னைவிட எனக்குத்தான் தெரியும் என்று சொல்லும் திமிர் ஆய்வாளருக்கு வந்துவிடலாம், பலருக்கு வந்தும் இருக்கிறது. அதனால்தான் ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்த்த கிரென்சனின் கணக்கு மாதிரி கையில் ஏதாவது இல்லாமல் இப்படிப் பேசுகிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

வேலை போய், வயிறு காய்ந்தால் மக்கள் பொங்கி எழுவார்கள் என்பதும் நம் எல்லோருக்கும் ‘தெரிந்த’ ஒன்றுதான். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் பஞ்சாலை மூடப்பட்ட பிறகு, மரீ யஹோதா, ஹான்ஸ் ஸைஸல் ஆகியோரோடு மேலே சொன்ன அதே லாசர்ஸ்ஃபெல்டும் 1930-களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு செய்தார்கள். நேரம் கொட்டிக்கிடந்தும், கட்டணம் ரத்தாகியும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். (பெண்கள் வேகமாகத்தான் நடந்தார்கள், வீட்டு வேலை அவர்களை விடவில்லை.) அந்த ஊரில் கிளர்ச்சி எதுவும் வரவில்லை, சோர்வுதான் வந்தது.

இதெல்லாம் வெட்டி வேலை என்று நீங்கள் நினைக்கலாம், ஆட்சியாளர்கள் அப்படி நினைப்பதில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1937-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 16.2 கோடி என்று வந்தது, ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பஞ்சத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்தார்கள், நடத்திய அதிகாரிகள் கைதானார்கள், சிலரைச் சுட்டார்கள், 1939-இல் வேறு கணக்கு எடுக்கப்பட்டது. சீனாவில் 1952-இல் பல்கலைக்கழகங்களிலிருந்து சமூகவியல் துறையையே எடுத்துவிட்டார்கள், திரும்பி வர 1979 ஆயிற்று. எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொல்கிறது என்றால் இத்தனை பயம் எதற்கு?

அதே கையோடு இதையும் சொல்லிவிட வேண்டும், இந்தத் துறை அதிகாரத்துக்குக் கைகட்டி நின்றதும் உண்டு. மேலே சொன்ன படைவீரர் ஆய்வுக்குப் பணம் இராணுவத்துடையது. கிளர்ச்சிகள் எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்க 1964-இல் அதே இராணுவம் கேமலாட் என்று ஒரு திட்டம் போட்டு ஆய்வாளர்களைச் சேர்த்தது, விஷயம் வெளியே வந்து சிலி நாட்டில் கொந்தளிப்பாகி, 1965-இல் கைவிட்டார்கள். ருவாண்டாவில் ஹுட்டு, டுட்ஸி என்று மனிதர்களைத் தரம் பிரித்த ஐரோப்பிய இனவியலை நம்பி, பெல்ஜிய ஆட்சி 1930-களில் அதை அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது, 1994-இல் டுட்ஸிகள் மீது நடந்த இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் அந்த வழக்கத்தின்படி வந்த அட்டையைப் பார்த்துத்தான் யாரைக் கொல்வது என்று தீர்மானித்தார்கள். அதனால் சமூக அறிவியல் படித்தவர் என்றாலே ஏழைபங்காளர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆய்வைப் பார்த்தால் யார் பணம் கொடுத்தது, யாரை எண்ணினார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்று கேட்கச் சொல்வேன், அப்படிக் கேட்பதைக் கற்றுக்கொடுப்பதும் இதே படிப்புதான்.

இனி உங்கள் மகள். ‘எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, புரிந்துகொண்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1950-களில் அந்த எஃகு நிறுவனத்தைக் கேட்டிருந்தால் கேரி மக்களைப் பற்றி அதுவும் இதையேதான் சொல்லியிருக்கும். படிப்புக்கு யார் பணம் கட்டுவது, வீட்டில் யார் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்பதெல்லாம் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். உண்மையிலேயே அவள் மனம் மாறியிருக்கலாம், கணினி பிடித்தும் போயிருக்கலாம். நீங்கள் செய்தது சரிதானா என்று முகம் தெரியாத எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அவளிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. எந்தப் படிப்பானாலும் கட்டணம் நான் கட்டுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி தாண்டுவதற்குள்.