பாடமா, மொழியா: எது முதலில்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஆங்கில வழியில் அறிவியல் நடத்துகிறேன். மாணவர்களில் பலர் ஆங்கிலத்தையே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஓராண்டு ஆங்கிலத்தை மட்டும் கற்பித்துவிட்டு, பிறகு பாடத்துக்கு வரலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். அந்த ஓராண்டில் மற்றவர்கள் அறிவியலில் வெகுதூரம் போயிருப்பார்கள். உங்கள் மாணவர்களோ பாடநூலைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலத்தில் தேறியிருக்க மாட்டார்கள். அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடம் படிப்பதற்கு வேண்டிய மொழி வேறு என்று கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பிரித்துக் காட்டினார். முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்துவிடும் என்றும், பின்னதில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அவருடைய ஆய்வுகள் தெரிவித்தன. மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளை, பாடநூலின் ஒரு பத்தியில் திணறுவதற்குச் சோம்பல் காரணமன்று.

பாடத்தின் மொழியைப் பாடத்துக்கு வெளியே கற்பிப்பது கடினம். ‘வால்யூம்’ என்பது வீட்டில் ஒலியின் அளவு, உங்கள் வகுப்பில் கனஅளவு. ‘பவர்’ இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. இத்தகைய கலைச்சொற்களையாவது நாம் நின்று விளக்குகிறோம். ‘அன்லெஸ்’, ‘வேர்ஆஸ்’, ‘தேர்ஃபோர்’ போன்ற இணைப்புச் சொற்களை யாரும் விளக்குவதில்லை. வாக்கியத்தின் பொருள் பெரும்பாலும் அங்கேதான் நழுவுகிறது.

ஆவியாதல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைக்கிறீர்கள். எது முதலில் வற்றும், ஏன் என்பதை மாணவர்கள் முதலில் தங்கள் தாய்மொழியிலேயே இருவர் இருவராகப் பேசட்டும். பிறகு ‘தி வாட்டர் இன் தி சன் ட்ரைஸ் ஃபாஸ்டர் பிகாஸ்…’ என்று பாதி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மீதியை அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ஒருவர் ‘வாட்டர் கான்’ (தண்ணீர் போய்விட்டது) என்றால், ‘எஸ், தி வாட்டர் ஹாஸ் இவாப்பரேட்டட்’ என்று அவர் சொன்னதையே முழுமையாக்கித் திருப்பிச் சொன்னால் போதும். அன்றைய பாடக்குறிப்பில் ஆவியாதலோடு ‘காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுதல்’ என்ற மொழி நோக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் அது மறந்துபோகும். ‘புரிந்ததா?’ என்று கேட்டுத் தலையசைப்பை நம்பி நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். படம் வரையவோ, மற்றவருக்கு விளக்கவோ சொல்லிப் பார்ப்பதே நம்பகமானது.

எளிமைப்படுத்துகிறோம் என்ற பெயரில் பாடத்தையே நீர்த்துப்போகச் செய்துவிடக் கூடாது. குறைய வேண்டியது வாக்கியத்தின் நீளமே தவிர, கருத்தின் ஆழம் அன்று.

கேள்வி: விடைத்தாளில் உள்ள ஆங்கிலப் பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்: அறிவியல் தேர்வில் குறைக்காதீர்கள். ‘சன் மோர் ஹீட், வாட்டர் ஃபாஸ்ட் கோ’ என்று எழுதியவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. அதற்கான மதிப்பெண் அவருடையது. பிழைகளில் அன்றைய மொழி நோக்கத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் ஓரத்தில் திருத்திக் காட்டுங்கள். தாள் முழுவதும் சிவப்பாக இருந்தால், அடுத்த முறை அவர் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வார்.