சிப்புக்குள் கம்பி நீளம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): அண்ணே, செல்களை (சிப்பின் சின்னச் சின்னச் சுற்றுத் துண்டுகளை) அடுக்கும்போது கம்பியே போடவில்லையே, அதற்குள் நீளத்தை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

பதில்: ஊகம்தான்மா. ஒன்றோடொன்று கம்பியால் இணைய வேண்டிய பின்களின் (செல்களின் இணைப்பு முனைகளின்) கூட்டம்தான் நெட். ஒரு நெட்டின் பின்களையெல்லாம் அடக்குகிற மிகச் சிறிய செவ்வகத்தை வரைந்து அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் ஹெச்பிடபிள்யூஎல் (HPWL, அரைச்சுற்றளவுக் கம்பி நீளம்) வந்துவிடும். சிப்பில் கம்பி பெரும்பாலும் குறுக்காக ஓடாது, சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி நாம் நடக்கிற மாதிரி நேராகப் போய்த் திரும்பும், அதனால் இந்தக் கூட்டல் நன்றாகவே ஒத்துவரும். இரண்டு பின், மூன்று பின் என்றால் மிகக் குறைந்த நீளமே அச்சாகக் கிடைக்கும். நாலிலிருந்துதான் ஏமாற்றும். 10 மைக்ரான் சதுரத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு பின் இருப்பதாக வையுங்கள்: ஹெச்பிடபிள்யூஎல் 20 என்று காட்டும், ஆனால் நிஜக் கம்பிக்கு 30 வேண்டும், எப்படி வளைத்தாலும் அதற்குக் கீழே போகாது.

கேள்வி: அப்போது நிஜ நீளத்தையே கணக்கிட்டால் என்ன?

பதில்: அது ஸ்டைனர் மரக் கணக்கு, அதாவது எல்லாப் பின்களையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கிற வழியைத் தேடுவது. பின்கள் கூடக்கூட அது எவ்வளவு கடினம் என்பதை கணினி அறிஞர்கள் கேரியும் ஜான்சனும் 1977லேயே நிறுவிவிட்டார்கள். லட்சக்கணக்கான நெட்டுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்போது அரைகுறையாக இருந்தாலும் வேகமானதுதான் கைகொடுக்கும்.

கேள்வி (வேலைக்குப் புதிது): கம்பி கொஞ்சம் நீண்டால்தான் என்ன அண்ணே?

பதில்: மின்தடையும் கொள்ளளவும் சேர்ந்தே ஏறும், நீளம் இரட்டித்தால் கம்பியின் தாமதம் ஏறக்குறைய நாலு மடங்கு. நடுவில் சிக்னலுக்கு மறுபடி வலுவூட்டுகிற பஃபர் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதுவும் இடமும் மின்சாரமும் தின்னும்.

கேள்வி: நெட்டுகளை ஸ்பிரிங் என்று வைத்துத் தீர்த்தேன், எல்லாச் செல்லும் நடுவில் குவிந்துவிட்டது!

பதில்: குவியத்தான் செய்யும், இழுக்க மட்டும்தானே சொன்னீர்கள், தள்ளவும் யாராவது வேண்டாமா? இப்போதைய முறைகளில் செல்களை மின்னூட்டம் போல வைத்து ஒன்றையொன்று விலக வைப்பார்கள். ட்ரீம்பிளேஸ் என்கிற செல் அடுக்கும் மென்பொருள் (2019) இதையே நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுக்கிற பாணியில் ஜிபியூவில் ஓட்டியது, படித்துப் பாருங்கள், நிரலும் திறந்தே கிடக்கிறது.

கேள்வி: தம்பி, மொத்த நீளத்தை நன்றாகக் குறைத்தும் ரவுட்டர் (கம்பிப் பாதை போடுகிற மென்பொருள்) முடியவில்லை என்கிறதே?

பதில்: நானும் மாட்டியிருக்கிறேன் அக்கா. முன்பு ஓரிடத்தில் வேலை பார்த்தபோது கம்பி நீளத்தைச் சுருக்கிவிட்ட குஷியில் இருந்தேன், பார்த்தால் இரண்டு மெமரி மேக்ரோவுக்கு (பெரிய நினைவகத் தொகுதிகளுக்கு) நடுவே இருந்த குறுகலான சந்தில் அத்தனை கம்பியும் முண்டியடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்த் தேக்காவில் நடக்க முடியாதே, அதே கதைதான். அந்தச் சந்தில் செல் அடர்த்திக்கு வரம்பு போட்டு நாலைந்தை வெளியே தள்ளினேன், நீளம் லேசாகக் கூடியது, ரவுட்டிங் முடிந்துவிட்டது. நீங்கள் முதலில் நெரிசல் வரைபடத்தைத் திறந்து சிவப்பு எங்கே என்று பாருங்கள், மேக்ரோவின் மூலையில்தான் இருக்கும் என்பது என் பந்தயம்.