முள் நடுவில் நிற்கிறது, சுருதி சேரவில்லை

ஊட்டியில் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் கேரல் நெருங்கிவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, கம்பிகளின் சுருதி சரியா என்று காட்டும் ட்யூனரைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில்.

முதல் தடவையாகக் கிளிப் ட்யூனர் வாங்கியிருக்கிறேன். எப்படிப் பயன்படுத்துவது, அண்ணா? (கோத்தகிரி)

கிடாரின் தலையில், முறுக்கும் ஆணிகள் இருக்கிற பலகையில் கவ்வ விடுங்கள். மரத்தின் அதிர்வைத்தான் அது பிடிக்கிறது. பக்கத்தில் டிரம்ஸ் அடித்தாலும் பெரிதாகக் குழம்பாது. போன் ஆப் மைக் வழியாகக் கேட்பதால் அதற்கு அமைதியான அறை வேண்டும்.

தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒன்றை மட்டும் மென்மையாகத் தட்டுங்கள், மற்றவற்றைக் கையால் அடக்குங்கள். ஓங்கித் தட்டினால் முதல் நொடியில் சுருதி கூடுதலாகக் காட்டும். முதலில் திரையில் வரும் எழுத்து சரியா என்று பாருங்கள், முள்ளை அப்புறம். முள் இடப்பக்கம் என்றால் சுருதி குறைவு, வலப்பக்கம் என்றால் கூடுதல். கூடுதலாக இருந்தால் நேராக நடுவுக்கு இறக்கி நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். இல்லையென்றால் ஆணியின் பல்சக்கரத்தில் தொய்வு மிச்சமிருந்து, நாலு தடவை மீட்டியதும் கம்பி இறங்கிவிடும். ஆறும் முடிந்ததும் இன்னொரு சுற்று பாருங்கள். கடைசிக் கம்பியை இறுக்கும்போது முதல் கம்பி கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

எழுத்து வரவே இல்லை என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன், பட்டென்று அறுந்துவிட்டது. கம்பி மட்டமா? (குன்னூர்)

கம்பியைத் திட்டாதீர்கள். ஒரு கம்பியைத் தட்டிக்கொண்டு வேறு ஆணியைத் திருகியிருப்பீர்கள்; என் மாணவர்கள் அறுத்த கம்பிகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான். விரலால் கம்பியைப் பிடித்தபடியே ஆணி வரை போய்ப் பாருங்கள். இன்னொன்று, பல ட்யூனர்கள் சுரத்தின் பெயரை மட்டும் காட்டும், அது எந்த ஸ்தாயி என்று காட்டாது; சரியான இடத்தைத் தாண்டிவிட்டால் அதே எழுத்தைத் தேடி மேல் ஸ்தாயிவரை முறுக்கிக்கொண்டே போவீர்கள். கை கனமாகி, கம்பி கிறீச்சிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது, சர்ச்சில் கீபோர்டோடு சேர்ந்தால் கரகரக்கிறது. (கூடலூர்)

ட்யூனரின் மூலையில் 440 என்று இருக்கிறதா பாருங்கள். ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1955-இல் பரிந்துரைத்த அளவு. பொத்தான் தெரியாமல் அழுந்தி அது 432 ஆகியிருந்தால் எல்லாக் கம்பியும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்கும். தனியே வாசிக்கும்போது தெரியாது, கீபோர்டு வந்ததும் மானம் போகும். 440 சரியாக இருந்தால் கீபோர்டில் யாராவது சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் சுருதி சேர்த்துவிட்டு விடியற்காலை கேரலுக்குப் போனால் தெருவில் எல்லாம் கலைந்துவிடுகிறது. கிடாரை மாற்ற வேண்டுமா சார்? (காந்தல்)

வேண்டாம், அது உறைபனியின் வேலை. குளிரில் ஸ்டீல் கம்பி மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். இழுவிசை கூடி முள் வலப்பக்கம் போகும். நீங்கள் அங்கேயே இறக்கிச் சேர்ப்பீர்கள், நாலு பாட்டு வாசித்ததும் விரல் சூட்டில் கம்பி தளர்ந்து இடப்பக்கம் வரும். காந்தலில் புல் வெள்ளையாகிக் கிடந்த ஒரு காலையில் நானே ஒரு வீட்டு வாசலில் மூன்று தடவை சேர்த்தேன். கிளம்பும் முன் பெட்டியோடு கொஞ்ச நேரம் வெளியில் வையுங்கள், ஐந்து நிமிடம் வாசியுங்கள், பிறகு ட்யூனரை மாட்டுங்கள்.

மழைக்காலம் வேறு கதை. மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி விரலுக்கு உயரமாகும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கிடார் பெட்டியில் போட்டு வையுங்கள். அதற்காகக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தாதீர்கள், பலகை வெடித்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் மத்தியான வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் ஆபத்துதான், பசை இளகி, மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் தூக்கும்.

ட்யூனர் சரி என்கிறது, ஆனால் ஜி கார்டில் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) பி கம்பி மட்டும் என் காதுக்கு உறுத்துகிறது. கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். (கொடைக்கானல்)

உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள், அம்மா. ஜி-யை சட்ஜமாக வைத்தால் பி அந்தர காந்தாரம். தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிடக் கிடாரின் காந்தாரம் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் 14 பங்கு கூடுதல். எல்லா சுருதியிலும் வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பங்கிட்டதன் விலை இது. பி-யை இறக்கி ஜி கார்டை இனிமையாக்கலாம், அடுத்து ஈ கார்டு பிடித்ததும் அதே பி பஞ்சமமாகி அழும். ஒரே பாட்டு, ஒரே சுருதி என்றால் நான் துளி இறக்கிக்கொள்வேன். குழுவோடு என்றால் ட்யூனர் சொல்வதுதான்.

கோயில் பஜனையில் பாடுபவர் இரண்டு கட்டை என்கிறார். ட்யூனரில் கட்டை எங்கே? (குன்னூர்)

கட்டை என்பது பாடுபவர் சட்ஜமாக வைத்துக்கொள்ளும் சுருதி. கிடாரின் சுருதியை மாற்றாதீர்கள், வழக்கம்போலவே இருக்கட்டும். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கழுத்தில் இரண்டாவது ஃப்ரெட்டில் (உலோகக் கோடு) எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வியான கேப்போவைப் போட்டு சி கார்டு பிடித்தால் இரண்டு கட்டை வந்துவிடும். கேப்போ மாட்டியதும் ட்யூனரில் ஒரு தடவை பாருங்கள், அழுத்தத்தில் கம்பிகள் கொஞ்சம் ஏறியிருக்கும்.

திரை மங்கிவிட்டது. தூக்கிப் போடலாமா?

பேட்டரி மாற்றுங்கள். பெரும்பாலும் 2032 என்று பொறித்த வட்ட பேட்டரிதான், கடிகாரக் கடையில் கிடைக்கும்.