உருண்டைக் கல் எப்படி நிற்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிச்சிகன் மாநிலத்தின் ஷார்லவாய் ஊரில் ஏர்ல் யங் கட்டிய ‘காளான் வீடு’களின் படங்களைப் பார்த்தேன். பானை மாதிரி உருண்ட பாறைகள் சுவரில் நிற்கின்றன. சிமென்ட்தான் பிடித்து வைத்திருக்கிறதா? தோட்டத்தில் இடுப்பளவுக்கு அப்படி ஒரு சுவர் எழுப்ப ஆசை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிமென்ட் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக் கட்டினால் சுவர் சீக்கிரமே வயிறு தள்ளிவிடும். கல்லைக் கல்தான் தாங்க வேண்டும். சாந்தின் வேலை கல்லிடைச் சந்துகளை நிரப்புவதும் கல்லை அசையவிடாமல் வைப்பதும்தான்.

யங் (1889–1975) கட்டடக்கலைப் படிப்பை ஓராண்டிலேயே விட்டவர். பிழைப்புக்கு வீட்டுமனையும் காப்பீடும் விற்றார். 1924இல் ஏரிக்கரையில் நிலம் வாங்கி, ‘போல்டர் பார்க்’ என்று மனை பிரித்தார். காளான் என்ற பெயர் வந்தது அலையலையாகச் சரியும் மரவோட்டுக் கூரையால். எனக்கென்னவோ அவருடைய சாமர்த்தியம் கல்லைத் தேர்ந்தெடுத்ததில்தான் தெரிகிறது. ஷார்லவாயில் அவர் கட்டிய வெதர்வேன் விடுதியின் கணப்புக்கு மேலே இருக்கும் 9 டன் பாறையை 1928இல் கண்டெடுத்து, மண்ணில் புதைத்து வைத்து, 26 ஆண்டு கழித்துத் தோண்டி எடுத்தாராம்.

உங்கள் சுவருக்கு வருவோம். அகலம் 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆகப் பெரிய கற்கள் அடிவரிசைக்கு. அவற்றின் மூன்றிலொரு பங்கு தரைமட்டத்துக்குக் கீழே கான்கிரீட் படுகையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்லையும் முதலில் சாந்தில்லாமல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஆட்டுங்கள். எவ்வளவு உருண்டையான கல்லுக்கும் ஓரளவு தட்டையான ஒரு பக்கம் இருக்கும். அதைக் கீழே கொண்டுவந்து, மூன்று இடத்திலாவது அடிக்கல்லைத் தொடும்படி திருப்புங்கள். ஆடினால் பின்பக்கமிருந்து சில்லு செருகுங்கள். முன்பக்கம் செருகிய சில்லு நாளடைவில் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

அழகான முகம் வெளியே தெரியட்டும் என்று நீளக்கல்லைச் சுவரோடு படுக்க வைப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. நீளம் சுவருக்குள்ளே போக வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு கல்லாவது இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை ஊடே செல்லட்டும். இல்லாவிட்டால் சுவர் இரண்டு தோலாகப் பிரிந்து நடுவில் உப்பும்.

சாந்து: சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதம். வழவழப்பான கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. சாந்து இளகலாக இருந்தால் கல் வழுக்கி இறங்கும். கல்லில் பாசியோ களிமண்ணோ இருந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஒரு நாளில் 40 செ.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மேல்பாரத்தில் கீழ்ச்சாந்து பிதுங்கும்.

ஷார்லவாய் போன்ற பனி ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. சந்தில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துச் சாந்தைப் பிளக்கும். உறைபனி இல்லாத ஊரிலும் சுவரின் தலையில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. மேல்வரிசைக்கு வேண்டிய தட்டைக் கற்களை வேலை தொடங்குமுன்பே ஒதுக்கி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள். இல்லையென்றால் பாதி வேலையில் உங்கள் கையே அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிடும்.